பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்கலாமா? 24 வோல்ட் சோலாருக்கு பேட்டரி இணைப்பு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். புளியரைப் பக்கம் தோட்டத்து வீடு. மூன்று வருடம் ஓடிய 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்ப் மணி, அதாவது கொள்ளளவு) டியூபுலர் (குழாய்த் தகடு உள்ள லெட் ஆசிட்) பேட்டரி ஒன்று பழைய இன்வெர்ட்டரில் இருக்கிறது. 24 வோல்ட் 2 கேவிஏ சோலார் இன்வெர்ட்டரும் 540 வாட் பேனல் இரண்டும் வாங்கியாயிற்று. இனி புதிதாக மூன்று பேட்டரி வாங்கி, பழையதையும் சேர்த்து நான்காக மாட்ட நினைக்கிறீர்கள். செங்கோட்டைக் கடைக்காரர் இரண்டிரண்டாக சீரிஸ் போட்டு, அதை பேரலல் செய்யச் சொல்கிறார். ஆரியங்காவிலிருந்து வந்து பார்த்த வயரிங்காரர், ஒரே கம்பெனி, ஒரே ஏஎச், தாராளமாகச் சேர்க்கலாம் என்கிறார். வயரை எப்படிப் போடுவது, தடிமன் எத்தனை ஸ்கொயர் எம்எம் என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அந்தப் பழைய பேட்டரி இந்தக் கூட்டத்தில் இருக்கலாமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேர்க்காதீர்கள். கடைக்காரர் சொன்ன இணைப்பு முறை சரி. வயரிங்காரர் சொன்னதில் கம்பெனியும் ஏஎச்சும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது வரைக்கும் சரி. வயதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை அவர் விட்டுவிட்டார்.

சீரிஸ் என்றால் ஒன்றின் மைனஸ் அடுத்ததன் பிளஸ்ஸில் சேரும். வோல்ட் கூடும், ஏஎச் அப்படியே இருக்கும். பேரலல் என்றால் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். ஏஎச் கூடும், வோல்ட் மாறாது. நான்கு பேட்டரியை எப்படிப் போட்டாலும் உள்ளே இருக்கும் சக்தி 4 × 12 × 150, அதாவது 7,200 வாட் மணி (1,000 வாட் மணி ஒரு யூனிட்). மாறுவது வயரில் ஓடும் கரண்ட்தான். 1,000 வாட் லோடுக்கு, இன்வெர்ட்டரின் சேதாரத்தையும் சேர்த்தால், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 95 ஆம்ப், 24 வோல்ட்டில் 47 ஆம்ப் ஓடும். கரண்ட் பாதியானால் அதே வயரில் வீணாகும் சூடு நாலில் ஒன்றாகும். அதனால் 24 வோல்ட் இன்வெர்ட்டர் எடுத்தது நல்ல முடிவு. அந்த இன்வெர்ட்டர் 24 வோல்ட்டை மட்டுமே ஏற்கும் என்பதால் நான்கையும் ஒரே வரிசையில் 48 ஆக்கும் வழி உங்களுக்கு இல்லை.

பழையதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். மூன்று வருடத்தில் அதன் உண்மையான கொள்ளளவு 90 ஏஎச் ஆகச் சுருங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் புதிய 150 ஏஎச் பேட்டரியோடு சீரிஸில் போட்டால் இரண்டிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். 20 ஆம்ப் இழுத்தால் நாலரை மணி நேரத்தில் பழையது காலி. புதியதில் இன்னும் 60 ஏஎச் இருக்கும். இன்வெர்ட்டருக்கு இரண்டும் சேர்ந்த வோல்ட் மட்டுமே தெரியும். அது 21 வோல்ட்டில் நிற்கும்படி இருந்தால், புதியது 12.0 காட்டும்போது பழையது 9.0 வரை இறங்கும் மட்டும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தனியாக இருந்தால் 10.5 பக்கம் நின்று பிழைத்திருக்க வேண்டிய பேட்டரியை, பக்கத்தில் இருப்பவனின் தெம்பு குழிக்குள் இழுத்துவிடுகிறது. அதன் பலவீனமான செல் (12 வோல்ட் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு 2 வோல்ட் அறைகளில் ஒன்று) தலைகீழாகச் சார்ஜ் ஆகும் நிலைக்கும் போகலாம்.

சார்ஜ் ஆகும்போது கதை மறுபக்கம் திரும்பும். சிறிய கொள்ளளவு உள்ளது முதலில் நிரம்பி வோல்ட் ஏறும். சார்ஜர் எதிர்பார்ப்பது மொத்தம் 28.8 வோல்ட். அதில் பழையது 15.4 எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்க, புதியதற்குக் கிடைப்பது 13.4 மட்டுமே. சார்ஜர் "முடிந்தது" என்று ஃப்ளோட்டுக்கு (நிரம்பிய பேட்டரியை அப்படியே தாங்கி வைக்கும் குறைந்த வோல்ட்டுக்கு) இறங்கிவிடும். புதியது ஒருநாளும் முழுதாக நிரம்பாது; தகட்டில் சல்பேட் உறைந்து, ஒன்றரை இரண்டு வருடத்தில் அதுவும் பழையதன் வயதுக்கு வந்துவிடும். கெடுவது ஒன்றாக இருந்தாலும் பில் வருவது இரண்டுக்கு.

பேரலல் பக்கம் உள்ள ஆபத்து வேறு மாதிரி. பழையதில் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அந்த வரிசையில் 12 செல்லுக்குப் பதில் 11தான் மிஞ்சும். சார்ஜர் வழக்கம்போல 28.8 கொடுக்கும், செல்லுக்கு 2.6 வோல்ட்டுக்கு மேல் போய் அந்த வரிசை முழுதும் கொதிக்கும். இரவில் பேனல் ஓய்ந்த பிறகும் நல்ல வரிசை கெட்ட வரிசைக்குள் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் நான்கும் இறங்கியிருக்கும், ஒரு பேட்டரியின் உடம்பு சுடும். பேட்டரி வைத்த அறையில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இதுதான் நடக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

உங்கள் பழைய பேட்டரி உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுத்தில் படித்துச் சொல்ல முடியாது. 90 என்பது கணக்குக்காக வைத்த எண். வீட்டிலேயே அளந்துவிடலாம்: முழுதாகச் சார்ஜ் செய்து, மெயினை நிறுத்தி, பேட்டரியில் 10 ஆம்ப் அளவு இழுக்கும் லோடு (ஏறக்குறைய 100 வாட்) கொடுத்து, இன்வெர்ட்டர் தானாகக் கட் ஆகும்வரை மணியைக் குறியுங்கள். நல்ல 150 ஏஎச் பேட்டரி 13 மணி நேரம் அளவில் தாங்க வேண்டும். 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் அது ஓய்வு பெறும் வயதில் இருக்கிறது. எப்படி இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய இன்வெர்ட்டரோடு அதைத் தனியாகவே விட்டு, வைஃபை, கேமரா, நாலு லைட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய கூட்டத்தோடு ஒரு வயர்கூடத் தொடர்பு வேண்டாம்.

இப்போது மூன்று புது பேட்டரி எதற்கு என்று கேட்கிறேன். இரவில் ஓடுவதாக நீங்கள் எழுதியது ஃப்ரிட்ஜ், மின்விசிறி இரண்டு, லைட்டுகள். ஃப்ரிட்ஜ் இரவுப் பங்கு அரை யூனிட், 75 வாட் மின்விசிறி இரண்டு எட்டு மணி நேரத்துக்கு 1.2 யூனிட், மற்றது 0.3 யூனிட், ஆக 2 யூனிட். டியூபுலர் பேட்டரியைத் தினமும் பாதிக்கு மேல் இறக்காமல் வைத்தால்தான் ஆயுள் நிற்கும். 200 ஏஎச் இரண்டை சீரிஸ் போட்டால் 4,800 வாட் மணி; பாதி 2,400; இன்வெர்ட்டர் சேதாரம் போக 2.1 யூனிட். உங்கள் கணக்குக்கு அதுவே போதும். இரண்டே பேட்டரி, ஒரே வரிசை, நடுவில் ஒரே ஒரு இணைப்பு வயர், பேரலல் என்ற பேச்சே இல்லை. எதை ஒப்பிட்டாலும் ஒற்றை வரிசைதான் சிறந்தது, ஏனென்றால் அதில் எல்லாப் பேட்டரியும் ஒரே கரண்டைச் சுமந்தே ஆக வேண்டும். பங்கு பிரிப்பதில் தகராறு வராது. வாங்கும்போது லேபிளில் சி10 என்று இருப்பதைக் கேளுங்கள். 200 ஏஎச் சி10 என்றால் 20 ஆம்ப் வீதம் 10 மணி நேரம். சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரிகளில் சி20 (20 மணி நேரத்தில் காலியாக்கும்) கணக்கில்தான் எண் போடுவார்கள்; அதே எண் இருந்தாலும் சி20 பேட்டரி சோலார் வேகத்தில் சற்றுக் குறைவாகவே தரும்.

பேட்டரியைக் கூட்டிக்கொண்டே போவதில் உங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகம் இறங்கிக்கொண்டே இருக்கும். குற்றாலத்துக்குச் சாரல் என்றால் ஊரே கொண்டாடும், பேனலுக்கு அது பட்டினிக் காலம். 1,080 வாட் பேனல் வெயில் நாளில் 4 யூனிட் பக்கம் தரும். சாரல் மாதங்களில் அது பாதிக்கும் கீழே போகும் நாட்கள் வரிசையாக வரும். அப்போது பெரிய பேட்டரிக் கூட்டம் நாள் கணக்கில் அரைகுறைச் சார்ஜில் கிடக்கும். லெட் ஆசிட் பேட்டரியைக் கொல்வதில் முதலிடம் இந்த அரைகுறைச் சார்ஜுக்குத்தான். அதனால் சாரல் மாதங்களுக்கு இன்வெர்ட்டரில் ஈபி சார்ஜிங்கை ஆன் செய்து வைத்து, வாரத்தில் ஒருமுறையாவது முழுச் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். பேனலுக்குப் பேட்டரி சிறியதாக இருப்பது உங்கள் ஊரில் குறையே இல்லை.

சரி, விருந்தாளி வருவார்கள், மோட்டாரும் ஓட வேண்டும், நான்கு வேண்டும் என்றே முடிவு செய்தால், நான்கும் புதிதாக, ஒரே மாடலாக வாங்குங்கள். பேட்டரி மேல் பொறித்திருக்கும் தயாரிப்பு மாதக் குறி நான்கிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு மாத வித்தியாசம் பரவாயில்லை, ஆறு மாதம் கடையில் கிடந்த ஒன்று கலந்துவிடக் கூடாது. கொண்டு வந்ததும் இணைத்துவிடாதீர்கள். உங்கள் பழைய 12 வோல்ட் இன்வெர்ட்டர் இதற்கு உதவும்: ஒவ்வொன்றையும் தனித்தனியாக அதில் மாட்டி முழுச் சார்ஜ் செய்து, கழற்றி, 12 மணி நேரம் சும்மா விட்டு, பிறகு மல்டிமீட்டரில் அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் பேட்டரி மேலேயே எழுதுங்கள். நான்குக்கும் இடையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

இந்த இடத்தில் பலரும் குழம்புவது ஒன்று உண்டு. முழுச் சார்ஜ் என்றால் 12.7 வோல்ட் என்று எல்லா அட்டவணையிலும் இருக்கும். அது கார் பேட்டரிக்கு. ஓய்வில் இருக்கும் ஒரு செல்லின் வோல்ட், அதன் ஆசிட் அடர்த்தியோடு 0.84 கூட்டினால் ஏறக்குறைய வந்துவிடும். கார் பேட்டரியில் அடர்த்தி 1.280, ஆறு செல்லுக்கு 12.7. டியூபுலர் சோலார் பேட்டரியில் பெரும்பாலும் 1.240; ஆறு செல்லுக்கு 12.5 தான் வரும். 12.5 காட்டுகிறதே, நிரம்பவில்லையோ என்று மேலும் மேலும் சார்ஜ் ஏற்றி பேட்டரியை வேக வைக்காதீர்கள். ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. மீட்டர் ஆறு செல்லின் கூட்டுத்தொகையைச் சொல்லும். ஹைட்ரோமீட்டர் எந்தச் செல் ஏமாற்றுகிறது என்று சொல்லும். ஐந்து செல் 1.240 காட்ட ஒன்று மட்டும் 1.210க்குக் கீழே நின்றால், புதிதாகவே இருந்தாலும் அந்தப் பேட்டரியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

இணைப்பு இப்படி. பேட்டரிகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். 1இன் மைனஸிலிருந்து 2இன் பிளஸ்ஸுக்கு ஒரு வயர். இது முதல் வரிசை. 3இன் மைனஸிலிருந்து 4இன் பிளஸ்ஸுக்கு ஒரு வயர்; இது இரண்டாம் வரிசை. 1இன் பிளஸ்ஸுக்கும் 2இன் மைனஸுக்கும் இடையில் அளந்தால் 25 வோல்ட் அளவு வர வேண்டும். 3, 4இலும் அப்படியே. இனி இரண்டு மைனஸையும், அதாவது 2இன் மைனஸையும் 4இன் மைனஸையும் மட்டும் சேருங்கள். பிளஸ்ஸைச் சேர்க்கும் முன்பு மீட்டரின் ஒரு முள்ளை 1இன் பிளஸ்ஸிலும் மற்றதை 3இன் பிளஸ்ஸிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி, அதிகம் போனால் 0.2 வோல்ட் காட்ட வேண்டும். 25 காட்டினால் ஏதோ ஒரு பேட்டரி மட்டும் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. 50 காட்டினால் ஒரு வரிசையே தலைகீழ். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் பிளஸ்ஸைச் சேர்த்தவர்களுக்கு ஸ்பேனர் உருகுவதும் டெர்மினல் சிதறுவதும் ஒரு நொடியில் முடிந்துவிடும், ஏனென்றால் ஒரு டியூபுலர் பேட்டரி ஷார்ட்டில் ஆயிரம் ஆம்ப்புக்கு மேல் தள்ளும். அளக்கும்போது மீட்டரின் சிவப்பு முள் வோல்ட் துளையில் இருக்கிறதா, 10 ஆம்ப் துளையில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஆம்ப் துளையில் இருந்தால் நீங்கள் கையில் பிடித்திருப்பது மீட்டர் இல்லை, ஷார்ட் வயர்.

இன்வெர்ட்டருக்குப் போகும் இரண்டு வயரையும் எங்கிருந்து எடுப்பது என்பதில் பெரிய விவாதமே நடக்கும். பிளஸ்ஸை 1இலிருந்து எடுத்தால் மைனஸை 4இலிருந்து எடுங்கள், மூலைக்கு மூலை. அப்போது இரண்டு வரிசையின் கரண்டும் சம நீள வயரைக் கடந்து வரும். இரண்டையும் ஒரே வரிசையிலிருந்து எடுத்தால் அருகில் இருப்பது கூடுதலாக உழைக்கும். ஆனால் இரண்டே வரிசை, குட்டை வயர் என்றால் இந்த வித்தியாசம் 51க்கு 49 அளவுதான். மூன்று நான்கு வரிசை ஆகும்போதுதான் இது பூதாகரமாகும். அப்போது மூலைக்கு மூலை எடுத்தாலும் நடுவில் இருப்பவை சமமாகாது, செம்புப் பட்டை வைத்து ஒவ்வொரு வரிசையையும் ஒரே நீள வயரில் அதற்குக் கொண்டுவர வேண்டும். உங்களுக்கும் செம்புப் பட்டை இரண்டு வைத்துச் செய்தால் மிக நல்லது, ஃபியூஸ் போடவும் வசதி.

உண்மையில் பங்கைக் கெடுப்பது வயர் நீளத்தைவிட லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் துளையுள்ள உலோக முனை) இணைப்புதான். ஒரு வரிசையின் உள் எதிர்ப்பு 10 மில்லி ஓம் என்று வைப்போம். 25 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் 30 சென்டிமீட்டர் வெறும் 0.2 மில்லி ஓம். ஆனால் சரியாக அழுத்தாத ஒரு லக் தனியாகவே 5 மில்லி ஓம் சேர்த்துவிடும். அப்போது 80 ஆம்ப்பில் ஒரு வரிசை 48, மற்றது 32 என்று பிரியும். அந்த லக்கில் 5 வாட் சூடு கிளம்பும். சுத்தியலால் தட்டி அடைத்த லக், பிளையரால் நசுக்கிய லக் எல்லாம் இந்த வகை. ஈயம் பூசிய செம்பு லக், வயர் அளவுக்குச் சரியான எண், ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி, மேலே ஹீட் ஷ்ரிங்க். கருவி இல்லையென்றால் கடையில் நீளம் சொல்லி லக் அடித்தே வாங்கிவிடுங்கள். மாட்டும்போது லக்கின் தட்டை முகம் பேட்டரி ஈயத்தோடு நேராகப் படிய வேண்டும். வாஷர் லக்கின் மேல்தான், லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவில் வாஷர் சொருகுவது மிகச் சாதாரணமாகக் காணக் கிடைக்கும் தப்பு. முறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூசுங்கள். முறுக்குவதற்கு முன்பே பூசக் கூடாது, கிரீஸும் வேண்டாம். ஈயம் மென்மையானது, ஒரே மூச்சில் பலம் காட்டினால் போல்ட் ஈயத்தையே கிழித்து வரும்.

வயர் தடிமனுக்கு உங்கள் இன்வெர்ட்டரின் முழு லோடு 1,600 வாட் என்று கொள்ளலாம். பேட்டரி 22 வோல்ட்டுக்கு இறங்கிய நேரத்தில் அது 83 ஆம்ப். பிரதான வயர் 35 ஸ்கொயர் எம்எம் செம்பு, ஒருபக்க நீளம் 2 மீட்டருக்குள். வரிசைகளின் வயர் 25 ஸ்கொயர் எம்எம். அலுமினிய வயருக்குச் செம்பு நிறம் பூசி விற்பதும் உண்டு, நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும். அரை ஹெச்பி மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும். வயர் மெல்லியதாக இருந்தால் அந்த நொடியில் வோல்ட் விழுந்து, பேட்டரி நிறைய இருந்தும் இன்வெர்ட்டர் "லோ பேட்டரி" என்று கத்தும். மோட்டாரை உச்சி வெயிலில் ஓட்டிக்கொள்வது நல்லது. சில 2 கேவிஏ இன்வெர்ட்டர் அரை ஹெச்பியையே தூக்காது. அது மோட்டாரின் வயதையும் கிணற்றின் ஆழத்தையும் பொறுத்தது, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஃபியூஸ் இல்லாமல் மாட்டித் தருவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. பிரதான பிளஸ்ஸில் 125 ஆம்ப், ஒவ்வொரு வரிசையின் பிளஸ்ஸிலும் 100 ஆம்ப், மூன்றுமே டிசி வோல்ட் அச்சிட்டவையாக, பேட்டரிக்கு ஒட்டி ஓரடிக்குள் இருக்க வேண்டும். வரிசை ஃபியூஸ் எதற்கென்றால், ஒரு வரிசையில் கோளாறு வந்தால் மற்ற வரிசை அதற்குள் கொட்டுவதைத் தடுக்க. வீட்டு ஈபி போர்டில் இருக்கும் ஏசி எம்சிபியை (கரண்ட் கூடினால் தானாக விழும் சுவிட்ச்) இங்கே போடாதீர்கள். ஏசி கரண்ட் ஒரு நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும்; டிசியில் அந்தப் பூஜ்யம் இல்லை, எம்சிபி திறந்த பிறகும் உள்ளே பொறி எரிந்துகொண்டே இருக்கலாம்.

மாட்டும் வரிசையும் முக்கியம். முதலில் பேட்டரி இன்வெர்ட்டருக்கு, பிறகுதான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் சில சார்ஜர் தன் வோல்ட்டைத் தவறாக எடுத்துக்கொள்ளும், சிலது புகைந்தே போகும். கடைசி இணைப்பைப் பேட்டரி முனையில் செய்யாமல் டிசி ஐசொலேட்டரில் (பேட்டரி லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) செய்யுங்கள். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் நிரம்பும்போது ஒரு பொறி பறப்பது இயல்பு. அது சார்ஜ் முடிந்து ஹைட்ரஜன் கசியும் பேட்டரியின் வாய்க்கு அருகில் பறக்கக் கூடாது. மோதிரம், வாட்ச், அரைஞாண், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றிவிட்டு, ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஆப்பசோடாவும் பக்கத்தில் இருக்கட்டும். ஆசிட் தரையில் சிந்தினால் சோடாவைத் தூவலாம். கண்ணிலோ தோலிலோ பட்டால் வெறும் தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். கண் என்றால் கழுவியபடியே ஆஸ்பத்திரிக்கு.

இன்வெர்ட்டர் செட்டிங்கில் "டியூபுலர்" என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கையால் எண் போடுவதென்றால் சார்ஜிங் 28.8, ஃப்ளோட் 27.2 பக்கம், பேட்டரியோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. சார்ஜிங் கரண்ட் ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு: 200 ஏஎச் ஒற்றை வரிசைக்கு 20 ஆம்ப், 150 ஏஎச் இரண்டு வரிசைக்கு 30 ஆம்ப். உங்கள் பேனல் நல்ல வெயிலில் 30 ஆம்ப் வரை தரக்கூடியது; ஒற்றை வரிசை போட்டால் மிச்சம் பகல் லோடுக்குப் போகும். பேனல் இரண்டையும் சீரிஸ் போடுவதா பேரலல் போடுவதா என்பதை இன்வெர்ட்டர் லேபிளில் உள்ள அதிகபட்ச பிவி (பேனல்) வோல்ட் தீர்மானிக்கும். 540 வாட் பேனல் ஒன்றின் திறந்த முனை வோல்ட் (எதிலும் மாட்டாதபோது காட்டுவது) 50 பக்கம் வரும், குளிர்ந்த காலையில் இன்னும் சற்று ஏறும்.

ஓடத் தொடங்கியதும் டிசி கிளாம்ப் மீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, 1,000 வாட் லோடில் ஒவ்வொரு வரிசையின் கரண்டையும் பாருங்கள். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் பூஜ்யம் காட்டும், ஏமாற வேண்டாம். இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி. கூடினால் மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை லக்கிலும் மறு முள்ளை அதே டெர்மினலின் ஈயத்திலும் ஊன்றுங்கள். 20, 30 ஆம்ப் ஓடும்போது நல்ல இணைப்பு 10 மில்லி வோல்ட்டுக்குள் காட்டும். 100ஐத் தாண்டும் இடம்தான் குற்றவாளி. கையால் தொட்டுச் சூடு பார்ப்பதைவிட இது வெகு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும்.

பேட்டரி நான்கும் இரண்டு விரற்கடை இடைவெளியில், இன்வெர்ட்டருக்கு நேர் கீழே வராமல், மேலே காற்றுப் போக்கு உள்ள இடத்தில் இருக்கட்டும். ஹைட்ரஜன் மேலேதான் போகும், அதனால் ஜன்னல் தாழ்வாக இருந்து பயனில்லை. தண்ணீர், சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்னால் தகடு மூழ்கும் அளவு. டிஸ்டில்டு வாட்டர்தான். மழைத் தண்ணீர் சுத்தம்தானே என்று ஓட்டுக் கூரையிலிருந்து பிடித்து ஊற்றுவது நம் மலையடிவாரத்தில் உண்டு. அதில் ஓட்டுத் தூசியும் பாசியும் சேர்ந்தே வரும். சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி பலமாக விழும் இடம் என்பதால் பேனல் சட்டத்துக்குத் தனி எர்த் வயரும், பேனல் லைனில் டிசி சர்ஜ் பாதுகாப்பும் கட்டாயம் வையுங்கள். நேராக விழும் இடியை எதுவும் தாங்காது; பக்கத்தில் விழுந்து வயரில் ஏறும் அதிர்ச்சிக்குத்தான் அது.

கேமராவுக்கோ எல்இடிக்கோ 12 வோல்ட் வேண்டும் என்று இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுக்காதீர்கள். புது ஜோடியைப் பழைய ஜோடியாக்க அதைவிடக் குறுக்கு வழி இல்லை. தினமும் ஒன்று மட்டும் கூடுதலாக இறங்கி, மேலே சொன்ன 15.4க்கு 13.4 கதை தானாகத் தொடங்கிவிடும். 24இலிருந்து 12 ஆக்கும் டிசி கன்வெர்ட்டர் சிறிய பெட்டியாகக் கிடைக்கிறது, அதை மொத்த 24 வோல்ட்டில் மாட்டுங்கள். பேட்டரி ஈக்வலைசர் என்று ஒன்றும் விற்கிறார்கள். ஒரே வயதுப் பேட்டரிகளுக்கு இடையில் காலப்போக்கில் வரும் சிறு வித்தியாசத்தை அது சரிசெய்யும், பழசு புதுசு கலந்ததைச் சரிசெய்யாது. லித்தியம் பக்கம் போவதென்றால் 24 வோல்ட்டாகவே வரும் ஒற்றைப் பெட்டியை எடுங்கள். அதை லெட் ஆசிட்டோடு பேரலல் போடவே கூடாது, உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான செட்டிங் இருக்கிறதா என்பதையும் வாங்குவதற்கு முன் பாருங்கள்.

முதல் மாதம் வாரம் ஒரு நாள், காலை பேனல் எழும் முன், இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பேட்டரியின் வோல்ட்டையும் தனித்தனியாக அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒன்று மட்டும் வாரத்துக்கு வாரம் 0.05, 0.1 என்று மற்றவற்றிடமிருந்து விலகிக்கொண்டே போனால், அந்த நோட்டோடு வாரண்டி கார்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.